பழவேற்காட்டுப் பண்டிகைகள்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிப் பழவேற்காடு என்று ஓர் ஊர் இருக்கின்றது. இந்தியாவில் உள்ள உவர்நீர் ஏரிகளில் ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது அவ்வூர் ஏரிதான். அதைச் சுற்றியுள்ள குப்பங்களில் மீன் பிடித்துப் பிழைக்கும் மக்களில் இந்துக்கள் என்பாரும் உண்டு, கிறிஸ்தவர்கள் என்பாரும் உண்டு. ஊருக்குள் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றார்கள். ஆகவே அங்கே பண்டிகைக்கு மாத்திரம் பஞ்சமே கிடையாது. அம்மன் திருவிழா, மாசிமகம், மாதா கோவில் திருநாள், கிறிஸ்துமஸ், ரம்ஜான், பக்ரீத் என்று ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டேயிருக்கும்.

பண்டிகை என்றாலே நமக்கு ஆகாது என்று சிலர் நம்மீது குறை கூறி வருகின்றார்கள். இது சுத்தப் பொய்யாகும். பாடுபட்டவன் ஒரு நாள் ஓய்ந்திருப்பதும், உற்றார் உறவினரோடு நல்ல சோறு உண்பதும், பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பதும் யாருக்குக் கசக்கும்? அந்த நாளுக்கு யார் செலவு செய்கின்றார்கள், யார் பயன் அடைகின்றார்கள், யார் வெளியே நிற்கின்றார்கள் என்று மாத்திரமே நாம் கேட்கின்றோம்.

1600களில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி ஆண்ட டச்சுக்காரர்களை எடுத்துக்கொள்வோம். (அவர்கள் இத்துறைமுகத்தில் துணி மூட்டைகளோடு நம் மக்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியவர்கள் என்பதை நாம் மறக்கவில்லை.) அவர்கள் தேசத்தில் ஸ்கெவனிங்கன் என்ற மீன்பிடி ஊரில் ஜூன் மாதத்தில் கொடிநாள் என்றொரு விழா நடக்கின்றது. அவ்வருஷத்துப் புது ஹெரிங் மீன் வந்ததற்கான கொண்டாட்டம் அது. படகுகளுக்கெல்லாம் கொடி கட்டுகின்றார்கள். அதையொட்டி முதல் பீப்பாய் மீனை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிடுகின்றார்கள். லெய்டன் என்ற நகரத்திலோ, 1574இல் ஸ்பெயின்காரரின் முற்றுகை நீங்கிய நினைவாக அக்டோபர் 3ஆம் தேதிதோறும் ஊராருக்கு ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வழங்குகின்றார்கள். அங்கும் கோவில் பிரார்த்தனை இல்லாமல் இல்லை. என்றாலும் மீன் மனிதன் வாய்க்குப் போகின்றது!

ஜப்பானியர் 1996 முதல் கடலுக்கென்றே ஜூலை மாதத்தில் ஒரு நாளைச் சர்க்கார் விடுமுறையாக வைத்திருக்கின்றார்கள். கிறிஸ்துமஸையோ இங்கிலாந்துப் பார்லிமெண்டே 1647இல் வேண்டாமென்று தடுத்தது. பின்னர் அது திரும்ப வந்தது. ஆகவே பண்டிகை என்பது ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல, மனிதன் வைத்தான், மனிதன் எடுத்தான், வேண்டியபோது மாற்றினான் என்பது விளங்கவில்லையா?

நிற்க, நமது மீனவத் தோழர்கள் அறிவில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் அதை நாம் ஒப்பமாட்டோம். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை வழிவழியாக இருந்து வருகின்றது. கழி நட்டு வலை கட்டும் இடங்களில் மீன் அதிகம் படும் இடமும் உண்டு, குறைவாகப் படும் இடமும் உண்டு. ஆதலால் உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இடத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கின்றார்கள். எந்தச் சாமி வந்து இதைச் சொல்லிக் கொடுத்தது? பங்கு போடுவதில் இவ்வளவு நுட்பம் தெரிந்தவர்கள், திருவிழா என்று வந்தவுடன் தலைக்கட்டு வரியைக் கடன் வாங்கியாவது கொடுக்கின்றார்கள். கடன் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போடவேண்டும். விலை அவன் வைத்ததுதான். பந்தலும் மேளமும் வாணவேடிக்கையும் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். வட்டி தீருமா?

ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாட்களில், கடலுக்குப் போகாதே என்று இவர்களுக்கு அறிவிப்பு வருகின்றது. இதுவும் ஒரு விடுமுறைதான், கூலியில்லாத விடுமுறை! அந்த ராக்கெட்டின் பொம்மையைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பூசை செய்துவிட்டு வருகின்றவர்கள் பெரிய பெரிய விஞ்ஞானிகள். ஆதலால் பள்ளிக்கூடம் காணாத மீனவனை மாத்திரம் மூடன் என்று ஏசுவது யோக்கியமாகாது.

2011 டிசம்பர் 25ஆம் தேதி நடந்ததைப் பழவேற்காட்டார் மறந்திருக்க முடியாது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து படகேறியவர்களில் 22 பேர், குழந்தைகள் உள்பட, படகு கவிழ்ந்து மாண்டார்கள். அன்று உலகமெங்கும் கோவில் மணி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. படகில் ஏற்றும் ஆளுக்கு ஒரு கணக்கும், ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் செய்யக்கூடிய வேலையை எந்த மதத்தின் மணியும் செய்யாது.

மீனவர்கள் கொண்டாடுவதற்கு அவர்களுக்கே உரிமையான ஒரு நாள் உண்டு. சென்னை அயோத்தியாகுப்பத்தில் 1860இல் மீனவக் குடும்பத்தில் பிறந்த தோழர் சிங்காரவேலர்தான் 1923 மே 1ஆம் தேதி இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொழிலாளர் தினத்தைச் சென்னையில் கொண்டாடினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம், ஐகோர்ட்டுப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு கூட்டம். அந்த நாளை விடுமுறையாக்க வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. மீனவர் பிள்ளை தேடிக்கொடுத்த அந்த நாளுக்கு எத்தனைக் குப்பங்களில் பொங்கல் வைக்கின்றார்கள்?

ஆகவே நாம் ஒன்று கேட்டுக்கொள்கின்றோம். அடுத்த வருஷம் வரி போடும்போது பாதியை வாணத்துக்கு விடாமல் நிறுத்தி, படகுகளுக்கு மிதவைச் சட்டையும், மீன் விற்கப் போகும் பெண்களுக்கு வட்டியில்லாக் கைமுதலும் கொடுத்துப் பாருங்கள். மழை பெய்து முகத்துவாரம் திறந்து இறால் ஏறும் காலத்தில் ஒரு நாளைக் குறித்து, அம்மன் குப்பமும் மாதா குப்பமும் பள்ளிவாசல் தெருவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணுங்கள். பெண்கள் அன்று சமைத்துப் பரிமாறிக்கொண்டேயிருக்காமல் அவர்களும் உட்காரட்டும். பாட்டில் பங்கு கிடையாதென்று ஒதுக்கப்பட்டு, சேற்றில் முழங்காலிட்டுக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் அதே ஏரியில்தான் இருக்கின்றார்கள். அந்தப் பந்தியில் அவர்களுக்கும் இலை போடப்படுமா என்பதைக் குப்பத்துப் பஞ்சாயத்தார்தான் சொல்லவேண்டும்.