துப்பாக்கி போய் கேமரா வந்தது! வாத்துக்கு நிம்மதி வந்ததா?

ராஜஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆக்ராவுக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். அங்குள்ள கேவலாதேவ் பறவைப் பூங்காவில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான காட்டு வாத்துகள் வந்து இறங்குகின்றன.

அவற்றைப் படம் பிடிக்க உள்நாட்டில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தோளில் பை, கையில் நீளமான லென்ஸ் பொருத்திய கேமரா. பொழுது விடிந்ததும் கரையில் வந்து காத்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இதே கரையில் துப்பாக்கியுடன் காத்திருந்தார்கள்!

ஒரே நாளில் 4,273

பரத்பூர் மகாராஜாக்களின் வேட்டைக் களமாக இருந்தது இந்த இடம். வைஸ்ராய்களும் பெரிய விருந்தாளிகளும் இங்கே வந்து வாத்து சுடுவார்கள். 1938-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்து கொண்ட வேட்டையில், ஒரே நாளில் சுடப்பட்ட பறவைகள் 4,273! யார் வந்தார்கள், எத்தனை சுட்டார்கள் என்ற கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் இன்றும் பூங்காவுக்குள் நிற்கின்றன.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982-ல் இந்த இடம் தேசியப் பூங்கா ஆயிற்று. 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. கேமரா வந்தது.

கேமராவால் வாத்து சாகாது. அப்படியானால் அதனால் தொல்லையே இல்லையா? இருக்கிறது.

பறந்தால் என்ன நஷ்டம்?

இங்கே வரும் வாத்துகளில் பல, மத்திய ஆசியாவில் இருந்தும் சைபீரியாவில் இருந்தும் வருகின்றன. வால் ஊசி போல நீண்டிருக்கும் ஊசிவால் வாத்து, அலகு கரண்டி போல அகன்றிருக்கும் தட்டைவாயன், செம்மஞ்சள் நிறச் சக்கரவாகம் என்று பல வகை. சக்கரவாகம் இமயமலையைத் தாண்டும்போது 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் பறக்கச் சக்தி வேண்டாமா? உடலில் சேர்த்து வைத்த கொழுப்புதான் அந்தச் சக்தி. குளிர்காலம் முழுவதும் தின்று, ஓய்வெடுத்து, கொழுப்பைச் சேர்த்தால்தான் வசந்த காலத்தில் ஊர் திரும்ப முடியும்; அங்கே முட்டையிட முடியும்.

காட்டு வாத்துகளில் பல இரவில் இரை தேடும். பகலில் நீரில் மிதந்தபடி தூங்கும். படம் பிடிக்க வருபவர் சிலருக்கு இந்தத் தூக்கம் பிடிப்பதில்லை. கூட்டமாக எழுந்து பறக்கும் காட்சிதான் வேண்டும் என்கிறார்கள். அதற்காகக் கை தட்டுவார்கள், கல் எறிவார்கள், நீரின் ஓரம் வரை ஓடுவார்கள். வாத்துகள் பதறி எழும். படம் கிடைத்துவிடும்.

நீரில் மிதப்பதை விடப் பறப்பதற்குப் பல மடங்கு சக்தி செலவாகும். ஒரு தடவை என்றால் வாத்து தாங்கிக்கொள்ளும். காலையில் ஒருவர், பகலில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று கிளப்பிவிட்டால்? சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு வீணாகக் கரைந்துவிடும். பயணச் செலவுக்கு வைத்த பணத்தை வழியிலேயே பறிகொடுத்தவன் நிலைதான் அதற்கும்!

நல்ல படம் எப்படிக் கிடைக்கும்?

அனுபவம் உள்ளவர்கள் வாத்தைத் துரத்துவதில்லை. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, புதர் மறைவில் தாழ்வாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கேமராவை வாத்தின் கண் மட்டத்துக்கு இறக்கி வைக்கிறார்கள். ஆள் அசையாமல் இருந்தால், மேய்ந்தபடி வாத்து தானாகவே கிட்டே வரும். காற்று இல்லாத காலை வேளையில் அதன் நிழலும் கண்ணாடியில் தெரிவது போல நீரில் தெரியும்.

பறக்கும் படத்துக்கும் வழி உண்டு. வாத்து காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். ஆகவே காற்று முதுகில் வீசும்படி அமர்ந்து காத்திருந்தால், அது தானாக எழும்போது கேமராவை நோக்கியே வரும்.

வாத்து முன்கூட்டியே எச்சரிக்கையும் செய்யும். மேய்ச்சலை நிறுத்தும். கழுத்தை நிமிர்த்தும். எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். "இதற்கு மேல் வராதே" என்பதுதான் அதற்குப் பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும். அல்லது மெல்லப் பின்வாங்க வேண்டும்.

படத்தால் நன்மையும் உண்டு

கேமராவே வேண்டாம் என்பது சரியாகாது. எந்த இனம் எந்த மாதம் வந்தது, எத்தனை வந்தது என்பதற்குப் படம் சாட்சி. காலில் மாட்டிய வளையத்தின் எண் படத்தில் தெளிவாக விழுந்தால், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்றே கண்டுபிடித்துவிடலாம். ஊர் மக்களுக்கும் இதனால் பிழைப்பு உண்டு. பரத்பூரில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டியவர்கள் பலர், பறவைகளின் பெயர்களைக் கற்று வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். பறவை வராவிட்டால் இவர்கள் பிழைப்பும் போய்விடும்.

வராமல் போனதும் உண்டு. சைபீரியக் கொக்கு என்ற பெரிய வெள்ளைப் பறவை பரத்பூருக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வரும் வழியில் நடந்த வேட்டை அதன் அழிவுக்கு ஒரு முக்கிய காரணம். 2002-க்குப் பிறகு அது இங்கே வரவே இல்லை. இன்று பரத்பூரில் அதைப் படத்தில்தான் பார்க்க முடியும்.

நம் ஊரிலும்

ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் தமிழ்நாட்டுக்கும் வருகின்றன. சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சாலை ஓரத்தில் நின்றே அவற்றைப் பார்க்கலாம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகைச் சந்தோஷத்தையே விட்டுக்கொடுத்த மக்கள் அவர்கள். கேமரா வைத்திருப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டியது, பத்தடி தூரமும் கொஞ்ச நேரமும்தான்.

இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் இதை முதலில் சொல்லிக் கொடுக்கலாம். கல்லைக் கீழே போடு. சத்தம் போடாமல் உட்கார். வாத்து தானாக வரும்.