வளவை ஈடு வைக்காதீர்!

கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் கற்பிட்டிக் குடாநாடு. அங்கே ஆறு இல்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அந்த நன்னீரை ஆழமற்ற கிணறுகளிலே மொண்டு, எருவிட்டு, மிளகாயும் வெண்காயமும் மரக்கறியும் விளைவிக்கக் கற்றுக்கொண்டான் உழவன். அந்த வித்தை அமைச்சரின் மேசையிலே பிறந்ததன்று. வங்கியின் பேரேட்டிலே வளர்ந்ததுமன்று.

இன்று அவன் படலையிலே இருவர் வந்து நிற்கின்றனர். “திட்டம் தருகிறேன்” என்கிறது அரசு. “கடன் தருகிறேன்” என்கிறது பெருநிதி. இருவரோடும் பேசலாம், கொடுப்பதில் நல்லது இருந்தால் கொள்ளலாம். ஆனால், வளவின் உறுதியை மட்டும் அவர்கள் கையிலே கொடுக்கலாகாது. ஏன்? தோல்வி வரும் நாளிலே இவ்விருவரும் நட்டத்தை யார் தலையில் இறக்குகின்றனர் என்பதை இந்தக் கரையோரமே பலமுறை கண்டிருக்கிறது.

1980களில் சிலாபம் முதல் முந்தல், புத்தளம் வரை இறால் பண்ணைகள் எழுந்தன. அரசு ஊக்கம் அளித்தது. பெரிய நிறுவனங்கள் முதலிட்டன. மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாய் இருந்த கண்டற்காடுகள் பல இடங்களில் வெட்டுண்டன. பெரியவரைப் பார்த்துச் சிறியவரும் கடன்பட்டுக் குளம் வெட்டினர். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இறால் மடிந்தது. பெருநிறுவனங்கள் பல விலகிச் சென்றன. அவற்றுக்கு வேறு தொழில் இருந்தது, வேறு ஊர் இருந்தது. கைவிடப்பட்ட உவர்க்குளங்களோ இங்கேயே கிடந்தன. கடன்பட்ட சிறியவன் எங்கே போவான்?

2021ஆம் ஆண்டு மே மாதத்திலே ஒரு வர்த்தமானி வெளிவந்தது. இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை! பல தலைமுறையாக யூரியாவை ஊட்டிப் பழக்கியவர்களே ஒரே இரவில் அதைப் பறித்தனர். விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரிலே தடை தளர்ந்தது. அதற்கிடையில் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல் தரமற்றதென்று திருப்பி அனுப்பப்பட்டது. ஆயினும் 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. செலுத்தியது யார் பணம்?

“நீரும் சாணத்தையும் தழையையும்தானே போற்றுகிறீர்? கோட்டாபய ராஜபக்ச செய்ததும் அதுதானே?” என்று கேட்பர் சிலர். அன்று! மண் பழக ஆண்டுகள் வேண்டும். உழவன் தன் நிலத்தின் ஒரு மூலையிலே தொடங்கி, விளைவைக் கண்டு, மெல்ல மெல்ல மாறுவது தன்னறிவு. கொழும்பிலிருந்து கட்டளையிட்டு மாற்றுவது ஆணவம். அளவுமீறி யூரியா கொட்டுவதையும் யாம் போற்றவில்லை. கற்பிட்டியின் மணல் எதையும் பிடித்து வைப்பதில்லை. கொட்டிய பசளை நைத்திரேற்றாகி, நாம் குடிக்கும் கிணற்றுக்கே இறங்குகிறது.

கற்றோரே! உத்தியோகத்தரே! இது உழவர் கதை என்று ஒதுங்காதீர். 2022 ஏப்ரிலிலே மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. சில நாட்களில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசு அறிவித்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகளின் திறைசேரி முறிகளுக்கு விலக்கு அளித்தனர். உங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கோ விலக்கு இல்லை. குறைந்த வட்டி முறிகளுக்கு மாற வேண்டும். மாறாவிடில் 14 வீத வரி 30 வீதமாகும்! கடனை வாங்கியவர் ஆட்சியாளர். விட்டுக்கொடுத்தவர் ஓய்வுக்காகச் சேமித்தவர். காகிதத்திலே சேர்த்த முதுமையும் ஒரு வாக்கெடுப்பிலே சுருங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஈடு வைத்த காணியை நீதிமன்றம் செல்லாமலே ஏலத்தில் விற்க, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு உரிமை அளிக்கிறது. சிறு கடன்களுக்கு விலக்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் கடன் சிறிதாகவே நின்றுவிடுகிறதா? சிறுதொழில் நடத்தியோர் ஓலமிட்ட பின்னரே, 2024இல் அவ்வுரிமை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

அப்படியானால் கடனே வேண்டாவா? ஒரு போகத்திலே விளைந்து, அந்தப் போகத்திலேயே தீரும் கடன் கருவியாகும். வீடும் கிணறும் நிற்கும் வளவை வைத்து வாங்கும் கடனோ விலங்காகும். இவ்வேற்றுமையை மறவாதவன் கெடமாட்டான்.

நாம் செய்ய வேண்டுவது யாது? முதலில் வளவிலிருந்து வீட்டுக்கு உண்ணக் கொடுங்கள். எஞ்சியதைச் சந்தைக்கு அனுப்புங்கள். தென்னைக்கும் தோட்டத்துக்கும் சீமைக்கிளுவைத் தழையை வெட்டிப் புதையுங்கள். லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக அதனைச் சொல்லி வருகிறது. அதே மரம் வேலியாகும், ஆட்டுக்குத் தீனியாகும், அடுப்புக்கு விறகாகும். முருங்கையும் கோழியும் கூடவே இருக்கட்டும். நல்ல காயை விதைக்கு நிறுத்துங்கள். கிணற்றை உறிஞ்சும் இயந்திரத்துக்கு அளவு வையுங்கள். படலம் வற்றினால் உவர் மேலேறும். உத்தியோகத்தரும் பிறந்த மண்ணிலுள்ள துண்டு நிலத்தை விற்றுவிடாமல் பேணுங்கள்.

தனியொருவன் வேலிக்குள்ளே ஒடுங்கி வாழ்வது தற்சார்பு ஆகாது. உடப்புக் கரையிலே பலர் கைகோத்துக் கரைவலை இழுப்பதைப் பாருங்கள்! ஒருவன் இழுத்தால் வலை வராது. வந்த மீனும் பலருக்குப் பங்காகிறது. கூட்டுறவுச் சங்கத்துக்கு 1911 முதலே இந்நாட்டில் சட்டம் உண்டு. ஊரின் சேமிப்பை ஊரே காத்து, ஊருக்கே சிறு கடன் கொடுத்து, கணக்கை ஊர் நடுவே படித்துக் காட்டும் சங்கம் ஒவ்வோர் ஊரிலும் எழ வேண்டும். கட்சிக்காரர் கைக்கு அது போகாமல் காப்பதும் நம் கடமையே.

வரியைக் கட்டுவோம். அதற்கு ஈடான பாதையையும் பாடசாலையையும் மருத்துவமனையையும் தலைநிமிர்ந்து கேட்போம். கேட்கும் துணிவு யாருக்கு வரும்? அடுத்த வேளைக்கு எவர் கையையும் பாராதவனுக்கே வரும். ஆகவே, உறுதியைப் பெட்டியிலே பூட்டுங்கள். மண்வெட்டியைக் கையிலே எடுங்கள்!