‘எங்கள்’ கிண்ணமா?

லங்கா பிரிமியர் லீக் துடுப்பாட்டத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அளவெட்டியில் ஒரே தீர்ப்புத்தான்: “கிண்ணம் எங்களுக்கே!”

2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு முறையும் வென்றது யாழ்ப்பாண அணியே. அதன் வலிமையில் எனக்கு ஐயமில்லை. 2024இல் முதல் தகுதிகாண் ஆட்டத்தில் காலி அணியிடம் தோற்றது. கண்டியை ஒரே ஓட்டத்தால் தாண்டியது. இறுதியில் அதே காலியை ஒன்பது விக்கெட்டுகளால் நசுக்கியது. அதை அதிர்ஷ்டம் என்போர், தோற்ற பின்னும் மறுவாய்ப்பு என்பது புள்ளிப்பட்டியலின் முதலிரு அணிகளுக்கே உரியது என்பதை மறக்கிறார்கள். ஐந்து அணிகளில் நான்கு அடுத்த சுற்றுக்குச் செல்லும் இத்தொடரில், பொருட்படுத்தத்தக்க தடை அது ஒன்றுதான்.

ஆனால் ‘எங்களுக்கே’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. அந்த இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காது 106 ஓட்டங்கள் குவித்த ரைலி ரூசோ தென்னாபிரிக்கர். துணைநின்ற குசல் மெண்டிஸ் மொறட்டுவைக்காரர். இருவரும் அருமையான வீரர்கள், குறையில்லை. என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தை இவ்வூர் ‘எங்களுடையது’ என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். அவர் இங்கு வாழ்ந்தவர். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் இந்த அணியில் அறிமுகமாகி அஞ்சலோ மத்யூஸை வீழ்த்தினார், 2024இல் ஐ.பி.எல். வரை சென்றார். அவரைத் தொடர்ந்து அவ்வளவு தூரம் சென்ற வடக்குப் பிள்ளை யார்?

ஐந்து தொடர்களிலும் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடக்கவில்லை. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்திற்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே முதலாட்டம் நடக்கும் நாளில் பதினொருவரில் நம் பிள்ளைகள் மூவரேனும் இல்லையென்றால், நான் காலி அணிக்குத்தான் கைதட்டுவேன்.