மின்சாரம் நின்ற பின் எந்த விளக்கு எரியும்?

புதிய பொலிஸ் நிலையம் ஒன்று திறக்கப்படும்போது நாடா வெட்டப்படுகிறது, குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது, அமைச்சர் பேசுகிறார், மறுநாட் பத்திரிகையில் புதுச் சுவர் படமாக வெளிவருகிறது. அக்கட்டிடத்தின் மின்சார வரைபடத்தைக் காட்டுங்கள் என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம். கேட்க வேண்டும் என்பதே எமது வாதம். சுவரையும் கூரையையும் கண்ணாற் கண்டு எவரும் தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் மனிதன் ஒருவனைப் பூட்டிவைக்கும் அறைக்குக் காற்று எவ்வாறு வரும், வெளிச்சம் எங்கிருந்து வரும், அங்கு நடப்பதற்குச் சாட்சி எது என்பனவெல்லாம் சுவருக்குள் மறைந்து கிடக்கும் குழாய்களாலும் கம்பிகளாலும் முன்னரே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன.

அவ்வரைபடத் தொகுதியில் ஒரு தாள் உண்டு. பொதுமின்சாரம் நின்றதும் நிலையத்தின் மின்பிறப்பாக்கி எந்தெந்த இடங்களுக்கு மின்சாரம் கொடுக்கவேண்டும் என்று பொறியியலாளர் அதில் நிரைப்படுத்தியிருப்பார். அவசரச் சுமைப் பட்டியல் என்று அதனை நாம் அழைப்போம். இப்பட்டியல் வீண் சடங்கன்று. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த சேட்டையால் நாடு முழுவதும் மின்சாரமின்றி நின்றது.

அந்த 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டு இரவொன்றில் கட்சிக்காரர் ஒருவரைக் காண ஒரு பொலிஸ் நிலையத்துக்குச் சென்றோம். முன்மண்டபத்தில் விளக்கு எரிந்தது. பொறுப்பதிகாரியின் அறையில் குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. காவற்கூண்டு இருந்த பின்பகுதியோ கும்மிருட்டு. கொன்ஸ்தாபிள் ஒருவர், நல்ல மனிதர், தமது கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்தவாறு எம்மை அழைத்துச் சென்றார். கூண்டுக்குள் ஒருவரல்லர், பலர் இருக்கின்றனர் என்பதை அவர்களுடைய மூச்சைக் கேட்டே அறிந்தோம். எவரும் சதி செய்து அவ்விளக்கை அணைக்கவில்லை. கூண்டு பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

வானொலித் தொடர்பும், தொலைபேசியும், ஆயுத அறையும், முறைப்பாடு எழுதும் மேசையும் பட்டியலில் இருக்க வேண்டியவையே. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் விளக்கு அணைந்தால் பொலிஸ்காரர் எழுந்து முற்றத்துக்குப் போகலாம். கூண்டுக்குள் இருப்பவன் எங்கே போவான்? தன் விருப்பப்படி வெளியேற முடியாத ஒரே மனிதனின் விளக்கும், காற்றும், அவனைக் காணும் கமராவும் பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். குளிரூட்டி கடைசியில் வரட்டும்.

இது இரக்கத்தின் பேரில் கேட்கும் சலுகையன்று. கைது செய்யப்பட்டவரைச் சட்ட முறைப்படி நீதிபதி முன் கொண்டுசெல்ல வேண்டுமென்று அரசியலமைப்பின் 13(2) ஆம் உறுப்புரை விதிக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், பிரயாண நேரம் நீங்கலாக அதற்கு 24 மணித்தியாலத்தை எல்லையாக்குகிறது. சித்திரவதையை 11 ஆம் உறுப்புரை முற்றாகத் தடைசெய்கிறது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்குகிறது. ஏட்டில் குறையொன்றுமில்லை. ஆனால் அந்த 24 மணித்தியாலத்தில் நடந்தது யாது என்று நீதிமன்றில் கேள்வி எழும்போது, ஒரு பக்கத்தில் பொலிசாரின் தகவற் புத்தகம் இருக்கிறது. மறுபக்கத்தில் தழும்பு மட்டுமே இருக்கிறது. சில வழக்குகளில் பிரேதமே இருக்கிறது.

சிங்கராசா வழக்கைச் சட்டம் பயின்றோர் அறிவர். 1993 இல் கைதான அவர் தமிழ் மட்டுமே பேசுபவர். அவருடையது எனப்பட்ட வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சிடப்பட்டது. அதில் அவருடைய பெருவிரல் அடையாளம் இடப்பட்டது. அதனைக் கொண்டே 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. வற்புறுத்திப் பெறப்பட்ட வாக்குமூலம் என்பதை நிரூபிக்கும் பாரம் அவர் தலையிலேயே சுமத்தப்பட்டது. அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 இல் முடிவு செய்தது. கேட்ட கேள்வி எது, எந்த மொழியில் கேட்கப்பட்டது, அவர் சொன்ன விடை எது என்பதை அறிய அவ்வறையில் ஓர் ஒலிவாங்கி போதுமாயிருந்தது. தமிழ்ப் பேசும் மக்களுக்கு ஒலிப்பதிவென்பது மொழியுரிமையின் ஒரு கூறு என்று நாம் சொல்வது இதனாலேயே.

இந்திய உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 ஆந் திகதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் இட்ட கட்டளை இங்கு கவனிக்கத்தக்கது. வாயில்கள், கூண்டுகள், நடைவழிகள், இன்ஸ்பெக்டர் அறை, பின்முற்றம் என்று கமரா இருக்கவேண்டிய இடங்களை அது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியது. இரவிலும் காணவேண்டும், ஒலியையும் பதியவேண்டும், பதிவு 18 மாதம் இருக்கவேண்டும் என்றது. மின்சாரம் இல்லாத இடமாயின் சூரிய சக்தியாலோ காற்றாலோ மின்சாரம் கொடுக்க வேண்டுமென்றும் விதித்தது. மின்சாரமில்லை என்ற சாட்டு எழுமென்று அந்நீதிபதிகள் முன்னரே அறிந்திருந்தனர்.

எமது நாட்டில் இன்னும் இரண்டு விடயங்களைச் சேர்க்க வேண்டும். மின்பிறப்பாக்கி இயங்கிச் சுமையை ஏற்கச் சில விநாடிகளாவது செல்லும். அது இயங்க மறுத்தால் அந்தச் சில விநாடி பல மணித்தியாலமாகும். ஆதலின் கமராவுக்கும் பதிவுப் பெட்டிக்கும் தனி மின்கல அடுக்கு வேண்டும். இரண்டாவது, பதிவுப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது. குற்றஞ்சாட்டப்படக் கூடியவரின் அலுமாரிக்குள் சாட்சியைப் பூட்டிவைப்பதா? பதிவின் பிரதி ஒன்று அக்கணமே நிலையத்துக்கு வெளியே, அந்நிலையத்தார் கை எட்டாத இடத்துக்குச் செல்ல வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் இத்தகைய பதிவுகளை நீதிமன்றில் ஏற்க வழிசெய்திருக்கிறது. பதிவைத்தான் காணோம்.

கூண்டின் உள்ளமைப்பையும் பார்ப்போம். பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீட்டுக் கூரை இரவில் அவ்வெப்பத்தைக் கீழே கக்கும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சித்திரை மாதத்தில் இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே காற்றோட்டம் வேண்டும். ஆனால் கூரையில் மின்விசிறியைத் தொங்கவிடுவது பிழை; அது தூக்குக் கயிற்றுக்குக் கொழுவியாகும். காற்றை இழுக்கும் விசிறி கூண்டுக்கு வெளியே குழாய்வழியில் இருக்க வேண்டும். உள்ளே தெரிவது துணி நுழையாத சிறு துளைத் தகடு மட்டுமே. விளக்கு சுவரோடு சமனாகப் பதிந்து, உடையாத மூடியுடன், ஆளி வெளியே இருக்கும்படி அமைய வேண்டும். இரவில் அது மங்க வேண்டும். முழு வெளிச்சத்தில் ஒருவனைத் தூங்கவிடாது வைப்பதும் தண்டனையே. மலசலகூடத்தின் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டும். கமரா அம்மூலையைக் காணலாகாது. புகையுணர் கருவியையும் கை எட்டாத குழாய்வழியில் வைக்கலாம். பூட்டு மின்பூட்டாயின், மின்சாரமின்றியும் கையாற் திறக்கக்கூடிய திறப்பு இருக்க வேண்டும். தீப்பிடித்தால் ஓட முடியாதவன் அவனே.

அழைப்பு மணியைத் தனியே சொல்ல வேண்டும். கைதி அழுத்தினால் அது முன்மேசையில் ஒலிக்கும். ஆனால் அதனை நிறுத்தும் பொத்தான் மேசையில் இருத்தலாகாது. கூண்டின் வாசலில் இருக்க வேண்டும். நடந்து வந்து முகம் பார்த்தாலன்றி ஓசை ஓயாது. அழைத்த நேரமும் வந்த நேரமும் தாமாகவே பதிவாகும். நெஞ்சு நோவுக்கு ஆளானவனுக்கும் அவனது உயிருக்கும் இடையில் நிற்பது சில வேளைகளில் இச்சிறு கம்பிதான்.

“தானே தூக்கிட்டுக்கொண்டான்” என்ற விளக்கத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கொழுவியோ குழாயோ அற்ற கூண்டில் அவ்விளக்கம் நிற்காது. மெய்யாகவே உயிரை மாய்க்க நினைப்பவனையும் அக்கூண்டு காக்கும். நேர்மையான பொலிஸ்காரரையும் அநியாயப் பழியிலிருந்து காக்கும்.

பொலிஸ் அதிகாரமே எமது மாகாணங்களின் கைக்கு வராதபோது பொலிஸ் நிலையத்தின் கம்பியைப் பற்றி எழுதுவதா என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். 1987 இன் 13 ஆவது திருத்தம் எழுத்தில் தந்ததைச் செயலில் தரவில்லை என்பது உண்மை. அப்போராட்டம் நிற்கப் போவதில்லை. ஆனால் அதிகாரம் வரும் நாளில் எம்மிடம் ஒப்படைக்கப்படுவன இதே கட்டிடங்கள்தாம். தமிழ் அதிகாரி பூட்டிய கூண்டில் இருட்டு வெளிச்சமாகிவிடாது. செலவைச் சொல்வோரும் உளர். கட்டும்போது சுவருக்குள் குழாய் வைப்பது சிறு செலவு. கட்டியபின் சுவரை உடைப்பதே பெருஞ்செலவு.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்பட்டியலைக் கேட்டு விண்ணப்பம் அனுப்ப எமது கிளைச் சங்கத்தினர் ஆயத்தமாகின்றனர். ஆயுத அறையின் வரைபடத்தைப் பாதுகாப்பின் பேரில் மறைக்கட்டும். கூண்டின் விளக்கு எந்தச் சுற்றில் இருக்கிறதென்பது எந்த நாட்டு இரகசியம்? தடுத்துவைக்கும் இடங்களைப் பார்வையிடும் அதிகாரம் பெற்ற மனித உரிமைகள் ஆணைக்குழுவினரிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை நிலையமொன்றுக்குச் செல்லும்போது, இரவிற் சென்று, பிரதான ஆளியை இறக்கச் சொல்லிவிட்டுக் கூண்டின் முன் நின்று பாருங்கள். எமது விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் விடையை, அது மறுப்பாயினும், இப்பத்திரிகையிலேயே வெளியிடுவோம்.