இளவேனில் என்னும் பாலை

வானிலைச் செய்தி என்றால் நமக்குப் பழகிப்போன வாய்பாடு ஒன்று உண்டு. சென்னையில் வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். அதிகபட்ச வெப்பநிலை இவ்வளவு, குறைந்தபட்சம் இவ்வளவு. உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும். அந்த 'ஓரிரு இடங்கள்' எவை என்பது மறுநாள்தான் தெரியும். வீட்டில் இருப்பவருக்கு இது போதும். பங்குனி, சித்திரையின் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மலையேறக் கிளம்புபவருக்கும் படகில் காலெடுத்து வைப்பவருக்கும் இது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வசந்தம் என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. பனி உருகி மலர் பூக்கும் குளிர்நாட்டு வசந்தம், ஊர்சுற்றுவதற்கான பருவம். நம் இலக்கணம் அப்படி ஏமாறவில்லை. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று அழகாகப் பெயரிட்ட அதே மரபு, வேனிலை நண்பகலோடு சேர்த்துப் பாலைத்திணைக்குக் கொடுத்தது. பின்பனியும் பாலைக்கு உரியதே என்று தொல்காப்பியம் இடம் விட்டது. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆக, நாம் இன்று 'சீசன்' என்று பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் மாதங்களை, முன்னோர் வழிநடையின் துன்பத்துக்குரிய காலமாக வைத்திருந்தார்கள்.

பச்சைமலையை எடுத்துக்கொள்வோம். பெயரில் பச்சை இருக்கிறது. பங்குனியில் போய்ப் பார்த்தால் இலையுதிர்த்த மரங்களும் காய்ந்த புல்லும்தான். குறிஞ்சி நிலம் வெயிலில் பாலையாகத் திரிந்து நிற்கும் காட்சி அது. இந்தப் புல்லும் பிற்பகல் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி நமக்குக் காட்டியது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மாசி இன்னும் முடியவில்லை. வார இறுதி மலையேற்றத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ பிற்பகலில் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெயிலில் சூடேறிய சரிவில் காற்று கீழிருந்து மேலே ஏறும்; தீயும் அதனோடு ஏறும், மனிதனின் ஓட்டத்தைவிட வேகமாக. அன்றைய வெப்பநிலை எத்தனை பாகை என்று தெரிந்திருந்தால் அவர்களுக்கு என்ன பயன்? தேவைப்பட்டவை வேறு மூன்று: புல்லின் வறட்சி, காற்றின் திசை, நாளின் எந்தப் பொழுது என்பது.

கோடைமழையின் குணமும் அப்படியே. காலையில் வானம் துடைத்துவைத்தாற்போல் இருக்கும். உள்நிலத்து வெப்பக்காற்றும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் சந்திக்கும் இடத்தில், உச்சிவேளைக்குப் பிறகு மேகம் கோபுரமாக எழும். மாலைக்குள் இடி, மின்னல், மழை. மழைக்குச் சற்று முன் மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று சட்டென இறங்கி அடிக்கும். கரையில் நிற்பவருக்கு அது சுகம். நடு ஏரியில் படகில் இருப்பவருக்கு அதுவே ஆபத்து. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குப் படகு என்றால் ஏற்காடு அல்லது பிச்சாவரம். உள்ளூர்க் கொள்ளிடத்தில் வேனிலில் பெரும்பாலும் மணலும் குழிகளும்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டரில் விழுந்தது என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். முப்பதுக்குள் எண்ணி முடிந்தால் கரையேறிவிட வேண்டும். இந்த எளிய கணக்கு ஒவ்வொரு படகுத்துறையிலும் எழுதி வைக்கத் தகுந்தது.

இன்னொன்று, நாம் நிற்கும் இடத்து வானத்தை மட்டும் பார்ப்பது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அருவியைக் கொல்லும் அருவியாக்குவது மலைமேல் பெய்யும் மழை. லாடபுரம் மயிலூற்றுக்கும் கோரையாற்று அருவிக்கும் இந்த விதி பொருந்தும். பச்சைமலையோ திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. எச்சரிக்கைகள் மாவட்டவாரியாக வருகின்றன. மாவட்ட எல்லை மழைக்குத் தெரியாது, ஓடைக்கும் தெரியாது.

இந்தப் பாடத்துக்கு நாம் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறோம். 1956 நவம்பர் 23 விடிவதற்கு முன், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்ததை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மேற்கே பெரம்பலூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் தொடங்கும் ஆறு கிழக்கே அரியலூரில் கொன்றது என்பதை மறந்துவிட்டோம்.

வானிலைத் துறையைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை அத்துறை இன்று வழங்குகிறது. தீப்பருவத்தில் வனத்துறை மலையேற்றத் தடங்களை மூடிவிடுகிறது. இருப்பதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பதே பாக்கி. மலையடிவாரச் சோதனைச்சாவடியிலும் அருவிக்குச் செல்லும் பாதையிலும் படகுச்சீட்டு தரும் சன்னலிலும் அன்றைய எச்சரிக்கை தமிழில் எழுதப்பட வேண்டும். மூன்று மாவட்டத்து மலைக்கு ஒரே அறிவிப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அந்த அறிவிப்பு பொழுதைச் சொல்ல வேண்டும்: காலையில் ஏறலாம், நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள், எற்பாட்டில் நீரில் இருக்காதீர்கள்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும் நாளை ஆறு சிறுபொழுதாகவும் பகுத்த மொழி இது. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். மலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையில்தான் அதற்கு உண்மையான தேர்வு நடக்கிறது. அங்கே தோற்றவர்களுக்கு மறுதேர்வு இல்லை.