மூத்த நாயகர்கள் எப்போது வழிவிட வேண்டும்?

கிறிஸ்துவில் அன்பார்ந்த பங்கு மக்களே,

விண்வெளிப் புதினங்களைப் பற்றிக் குருவானவர் ஏன் எழுதுகிறார் என்று உங்களுள் சிலர் வியக்கலாம். நம் இளையோர் பலர் விரும்பி வாசிக்கும் கதைகள் அவை. அவர்களால் நானும் வாசித்தேன். பல்லாண்டுகள் நீளும் ஒரு கதையில் பழைய வீரர்களுக்கும் புதியவர்களுக்கும் எவ்வாறு இடம் பகிர்வது என்ற கேள்வி எழுத்தாளர்களுக்கு மட்டும் உரியதன்று. அது நம் ஆலயத்தின் கேள்வியும்கூட.

'ஸ்ரார் வார்ஸ்' வரிசையில் 1983இல் வந்த மூன்றாம் திரைப்படத்துடன் லூக், லேயா, ஹான் சோலோ ஆகிய மூவரின் கதை நிறைவுற்றதுபோல் தோன்றியது. 1991இல் ரிமதி ஸான் எழுதிய புதினம் அதனைத் தொடர்ந்தது. பின்னர் பலர் எழுதினார்கள். ஹானுக்கும் லேயாவுக்கும் ஜெய்னா, ஜேசன், அனக்கின் என மூன்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். 1999 முதல் 2003 வரை 19 நூல்களாக வெளிவந்த 'நியூ ஜெடாய் ஓர்டர்' தொடர், கதையை அப்பிள்ளைகளிடம் ஒப்படைக்க முயன்றது.

அதன் முதல் நூலிலேயே ஹானின் நெடுநாள் தோழன் சுபாக்கா இறந்துபோனான். வாசகர் பலர் கொதித்தெழுந்தனர். ஆனால் ஒரு மூத்தவரைச் சாகடிப்பதால் மட்டும் இளையவர் வளர்ந்துவிடுவதில்லை. அத்தொடரின் உண்மையான சாதனை அதன் இறுதி நூலில் இருக்கிறது. அங்கே லூக்கும் போரிடுகிறார். ஆயினும் மறைந்திருந்து ஆட்டுவித்த மெய்யான பகைவனை எதிர்கொள்பவன் ஜேசன். மூத்தவர் களத்தில் இருக்கிறார், முடிவோ இளையவன் கையில் இருக்கிறது. சரியான பகிர்வு அதுவே என்பேன்.

அந்தப் பகிர்வு நிலைக்கவில்லை. அனக்கின் ஏற்கெனவே 2001இல் வந்த நூலில் இறந்திருந்தான். 2006 முதல் 2008 வரை வந்த ஒன்பது நூல்களில் ஜேசன் கொடுங்கோலனாகி, தன் இரட்டைச் சகோதரி ஜெய்னாவின் கையால் மடிந்தான். எஞ்சியவள் அவள் ஒருத்தியே. ஆனால் 2013இல் வெளியான 'குரூசிபிள்' மீண்டும் பழைய மூவரையே நடுவில் நிறுத்தியது. அப்போது கதைப்படி லூக்கும் லேயாவும் அறுபது கடந்தவர்கள், ஹான் எழுபது கடந்தவர். ஜெய்னாவை மையமாகக் கொண்ட மூன்று நூல்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. 2014 ஏப்ரலில் உரிமையாளர்கள் அப்புதினங்கள் அனைத்தையும் 'பழங்கதைகள்' என்று ஒதுக்கிவைத்தார்கள். ஜெய்னாவின் நூல்கள் வெளிவரவே இல்லை. 'பிறகு தருவோம்' என்று தள்ளிவைக்கப்பட்ட அவளுடைய முறை, வராமலே போயிற்று.

பழைய பெயர்கள் அட்டையில் இல்லாவிடில் நூல் விலைபோகாது என்ற அச்சமே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. அந்த மூவரையும் நானும் நேசித்தேன். நேசம் மிகுந்த இடத்தில்தான் இத்தவறு எளிதில் நிகழ்கிறது.

நம் கல்கி இதனை வேறு வகையில் கையாண்டார். 'பார்த்திபன் கனவு' நூலில் மாமன்னர் நரசிம்மவர்மர் சிவனடியார் வேடத்தில் உலவுகிறார். போரில் வீழ்ந்த பகையரசனுக்குக் கொடுத்த வாக்கின்படி, அவன் மகன் விக்கிரமனைக் காத்து வழிநடத்துகிறார். இறுதியில் சுதந்திர சோழ நாட்டின் அரியணை விக்கிரமனுக்கே உரியதாகிறது. முதியவரின் ஆற்றல் குறையவில்லை; அது தன் பெயரை மறைத்துக்கொண்டு உழைக்கிறது.

திருத்தூதர் பணிகள் நூலையும் இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். முதல் பன்னிரண்டு அதிகாரங்களில் பெரும்பாலும் பேதுருவே முன்னிற்கிறார். பின்னர் பவுல் வருகிறார். பதினைந்தாம் அதிகாரத்தில், எருசலேம் சங்கத்தில், பேதுரு எழுந்து பிற இனத்தாருக்காகப் பரிந்து பேசுகிறார். பவுலின் பணிக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது. அதன்பின் அந்நூலில் அவரைக் காண்பதில்லை. இன்னும் அழகானவர் பர்னபா. எல்லாரும் அஞ்சிய சவுலைத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்றவர் அவர். தர்சு நகருக்குப் போய் அவரைத் தேடிக் கூட்டிவந்தவரும் அவரே. தொடக்கத்தில் 'பர்னபாவும் சவுலும்' என்றிருந்த வரிசை, பதின்மூன்றாம் அதிகாரத்திலேயே 'பவுலும் பர்னபாவும்' என்று மாறத் தொடங்குகிறது. அதற்காகப் பர்னபா முறையிட்டதாக லூக்கா எழுதவில்லை.

அன்புக்குரிய மூத்தவர்களே, 1983இன் கலவரத்துக்குப் பின் இந்நகருக்கு வந்தவர்கள் நீங்கள். மொழி தெரியாத குளிரில் இரவுப் பணி செய்துகொண்டே, தமிழில் திருப்பலி வேண்டும் என்று கேட்டுப் பெற்றீர்கள். பாடகர் குழுவை அமைத்தீர்கள். கோடைதோறும் ரிகோ லூர்து அன்னை திருத்தலத்துக்கு யாத்திரை சென்றீர்கள். உங்கள் கதையை எவரும் ஒதுக்கிவைக்க நான் விடமாட்டேன்.

ஆனால் நம் இளையோருக்கு இன்று என்ன கொடுத்திருக்கிறோம்? கதிரை அடுக்குவது, ஒலிவாங்கியைச் சரிபார்ப்பது, காணொளி எடுப்பது. அருட்பணிச் சபையில் முடிவெடுக்கும் இருக்கைகள் இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் அதே கைகளில் இருக்கின்றன. இங்கே பிரெஞ்சில் கல்வி கற்று, மூன்று மொழிகளில் சிந்திக்கும் பிள்ளைகளைத் துணைப் பாத்திரங்களாகவே வைத்திருந்தால், அவர்கள் தமக்குரிய கதையை வேறெங்கோ தேடிக்கொள்வார்கள். சிலர் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

இளையோரே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். முன்னோரின் நூல்களை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது எளிது. 2015இல் வந்த திரைப்படம் ஹானுக்கும் லேயாவுக்கும் வேறொரு பிள்ளையையும் வேறொரு முதுமையையும் கொடுத்தது. பழைய வாசகர் பலருக்கு அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. எருசலேமில் பேதுரு பேசியபோது பவுலும் அந்தச் சபையில் இருந்தார் என்பதை மறவாதீர்கள்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த திருவிழாவின் பொறுப்பை, வரவுசெலவுக் கணக்கு உட்பட, முப்பது வயதுக்கு உட்பட்டோரிடம் ஒப்படைப்போம். பிழைகள் நேரும். நேரட்டும், நாம் தொடங்கிய காலத்திலும் நேர்ந்தன. மூத்தவர்கள் அருகில் இருங்கள், கேட்டால் சொல்லுங்கள். அறுபது கடந்தவன் என்ற முறையில் இவ்வேண்டுகோளை முதலில் எனக்கே விடுத்துக்கொள்கிறேன்: அவ்வாண்டு நிகழ்ச்சி நிரலை நான் திருத்தமாட்டேன்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குத்தந்தை,
மொன்றியல்