கொல்லிமலை வாலிபர்களும் செய்திப் புரட்டும்

கொல்லிமலை வாலிபர்களுக்குப் பத்திரிகைச் செய்தியையும் கைப்பேசிச் செய்தியையும் சோதித்தறியவும், தங்கள் மனித உரிமைகளுக்காகப் பிரசாரமும் கிளர்ச்சியும் செய்யவும் பயிற்சி கொடுக்க வேண்டுமென்று சொன்னால், கீழ்நாட்டுப் பெரிய மனிதர்கள் சிலருக்குச் சிரிப்பு வருகின்றது. மலைப் பையன்களுக்கு மிளகு, காப்பி வளர்க்கவும் தையல் தைக்கவும் சொல்லிக் கொடுத்தால் போதாதா, உரிமை என்று பேசவிட்டால் கெட்டுப் போகமாட்டார்களா என்பது இவர்களது கவலை.

மிளகு வளர்க்க அம்மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்கு (இவர்கள் கேரளத்தார் அல்ல) நாமக்கல்லிலிருந்து வாத்தியார் போக வேண்டியதில்லை. தங்களைப் பற்றி வேறொருவன் எழுதிவிட்டதைப் படித்து, "இதற்கு ருஜு என்ன?" என்று கேட்கத்தான் அவர்களுக்கு ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லை. அதனால் நேர்ந்தது கொஞ்சமா?

தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். அங்கிருப்பவர்களும் இதே வகுப்பினரே. 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், ரெவினியூ சிப்பந்திகள் ஊருக்குள் புகுந்து, வீடுகளை நொறுக்கி, ஜனங்களை அடித்து, 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். ஊரார் சந்தனக் கடத்தல்காரர்கள் என்பதே வெளியுலகுக்குப் போன செய்தி. அப்பெண்கள் ஆளை அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னதாலும், பழங்குடி மக்கள் சங்கத்தாரும் கம்யூனிஸ்டுத் தோழர்களும் விடாப்பிடியாகக் கோர்ட்டு ஏறியதாலுமே உண்மை நிலைத்தது. 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகளென்று தர்மபுரி கோர்ட்டு சொல்லிற்று. சென்னை ஹைகோர்ட்டு 2023-ல் அதை உறுதி செய்தது. ஒரு பொய்யைக் கவிழ்க்க இத்தனை வருஷம்!

பிறகாவது புத்தி வந்ததா? 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலிகளைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து ஏழைகள். பிணம் ஊர் வந்து சேருமுன்பே "செம்மரக் கடத்தல்காரர்கள்" என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் எத்தனை? யார் சொன்னது? சுட்டவர்களே சொன்னது. பஸ்ஸிலிருந்து சிலரை இறக்கிக்கொண்டு போனதைச் சாட்சிகள் மனித உரிமைக் கமிஷனிடம் சொன்ன சேதி, அந்தத் தலைப்பின் அளவுக்குப் பெரிய எழுத்தில் வந்ததா?

பொய்யைச் சர்க்காரும் பத்திரிகைக்காரரும் மட்டும்தான் பரப்புகிறார்களென்று நாம் சொல்ல வரவில்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்ஆப்பில் புரளி கிளம்பிற்று. திருவண்ணாமலை ஜில்லா அத்திமூர்ப் பக்கம் குலதெய்வத்தைக் கும்பிட வந்த 65 வயதுக் கிழவி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக ஜனங்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டாள். கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொன்ற கதையை யார் கண்டதென்று கேட்கத் தெரியாத புத்திதான், கைப்பேசியில் வந்ததையும் யார் கண்டதென்று கேட்கவில்லை. அன்றைக்குப் பாட்டன் சொன்னான். இன்றைக்குக் கண்ணாடிச் சில்லு சொல்லுகின்றது. வித்தியாசம் அவ்வளவே.

ஆகவே பயிற்சி என்றால் என்ன? இரண்டு நாள் முகாம், ஒரு பொட்டலம் தக்காளிச் சாதம், ஒரு சர்ட்டிபிகேட், பிறகு ஒரு போட்டோ என்று சில சங்கத்தார் மலையேறி வந்து நடத்திவிட்டு இறங்குகிறார்களே, அதை நாம் சொல்லவில்லை. ஒரே சம்பவத்தை நான்கு பத்திரிகைகள் எழுதியிருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் யார் பெயர் விடுபட்டது, எவன் வாக்குமூலம் மட்டும் இருக்கிறது என்று வாலிபர்களே கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஒரு படம் எந்த ஊரில், எந்த வருஷத்தில் எடுத்ததென்று தேடத் தெரிய வேண்டும். தங்கள் கிராமத்து நடப்பைத் தேதி, இடம், சாட்சியோடு தாங்களே எழுத வேண்டும். பெண்கள் அவசியம் அதில் இருக்க வேண்டும். வாச்சாத்தி வழக்கை நிறுத்தியது அவர்கள் வாய்தான். 2018-ல் கேரளத்துக் கண்ணூரில் 150 சர்க்கார் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பாடம் நடத்தினார்கள். மதுரையிலிருந்து 1997 முதலே பள்ளிப் பிள்ளைகளுக்கு மனித உரிமைக் கல்வி கொடுத்திருக்கிறார்கள். செம்மேட்டுக்கும் சோளக்காட்டுக்கும் அது ஏன் ஆகாது? மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சாராயமும் தேர்தல் நோட்டீசும் ஏறவில்லையா?

வாலிபர்கள் கையாள ஆயுதமும் இல்லாமலில்லை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தில் யாருக்கு என்ன பாத்தியதை என்ற விசாரணையைத் தொடங்குவது கிராம சபை. சேந்தமங்கலம் சட்டசபைத் தொகுதியோ பழங்குடியினருக்கே ஒதுக்கப்பட்டது. ரேஷனோ, ரோடோ, ஆஸ்பத்திரி மருந்தோ எங்கே போயிற்றென்று 2005-ம் வருஷத்துத் தகவல் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்திற்கோ ஆபத்தென்றால் 48 மணி நேரத்தில். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அந்தச் சட்டத்தில் அதிகாரிக்கு இடமே கிடையாது. மலை வாலிபன் முதன்முதலில் மனுப் போடும் நாளில் அதிகாரி அதைத்தான் கேட்பார். அப்போது அந்தப் பிரிவை எடுத்துக் காட்ட அடிவாரத்துத் தோழர்கள் யார் யார் கூடப் போகத் தயார்?